வாஷரின் நெஞ்சுக்குள் ஒரு மிஸ்ஸிங்

காதண்ணனின் பட்டறைக்கு வண்டி வருவதற்கு முன்பே வண்டியின் சத்தம் வந்துவிடும். அதுவும் போனில், வண்டிக்காரரின் வாயிலிருந்து.

அப்படிப் பழக்கிவைத்தவர் அவர்தான். "என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க, அது உங்களுக்குத் தெரியாது. எப்படிக் கத்துதுன்னு கத்திக் காட்டுங்க" என்பார். முதல் தடவை கூச்சப்படாத ஆள் கிடையாது. வங்கி மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, போனை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "கிர்ரிக்... கிர்ரிக்... டொக்" என்பார். உடனே தொண்டையைச் செருமி, "மேற்படி டொக் எப்போதாவதுதான் வருகிறது" என்று அலுவலகக் குரலுக்குத் திரும்பிவிடுவார். கணக்கு டீச்சர் கத்தவே மாட்டார். "எட்டு டப், ஒரு புஸ். மறுபடி எட்டு டப், ஒரு புஸ்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். இரண்டு தெரு தள்ளி நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாதான் ரொம்ப மோசம். சின்ன வயசு. "கர்ர்ர்" என்று ஆரம்பித்துப் பாதியிலேயே சிரித்துவிடுவார்.

"சிரிக்காம கத்துங்கம்மா. இது கார்புரேட்டர் சத்தமா உங்க சத்தமான்னு எனக்குப் பிரியல."

"சாரிண்ணே, சாரி. கர்ர்ர்... ஐயோ, முடியலண்ணே."

கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "செயின் தொங்கிப்போச்சு" என்றோ "பேரிங் அழுவுது" என்றோ அண்ணன் சொல்வார். கூடவே, "எதுக்கும் கொண்டாங்க, பார்த்துட்டுத்தான் உறுதி" என்றும் சேர்த்துக்கொள்வார். பத்தில் ஒன்பது அவர் சொன்னபடியேதான் இருக்கும்.

இந்தக் காது வந்த கதை சின்னது. பதினெட்டு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஒரே ஒரு பல்புதான் இருந்தது. அதுவும் முதலாளியின் தலைக்கு மேல். மற்றவர்கள் டார்ச்சுக்கு அடித்துக்கொண்டபோது, இவர் இருட்டில் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்க ஆரம்பித்தார். இப்போது வயது ஐம்பத்து மூன்று. பொடி ஸ்க்ரூவுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. காது மட்டும் அப்படியே இருக்கிறது.

அண்ணனின் மனைவி அந்தக் காதைப் பற்றி வேறு கருத்து வைத்திருந்தார். பட்டறைக்கு ஒட்டினாற்போல் அவருடைய தையல் கடை. அளவெடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்: "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நட்டு விழுந்தா எத்தனாம் நம்பர் நட்டுன்னு இவருக்குத் தெரியும். கேஸ் தீர்ந்துபோச்சுன்னு நான் மூணு தடவை சொன்னா கேக்காது. நானும் பெட்ரோல்ல ஓடினாத்தான் கேக்கும்போல."

பட்டறையில் மூன்றாவது ஆள் மனைவியின் அண்ணன். பஞ்சர் வேலை அவருடையது. நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் காற்றுக் குமிழிக்காகக் காத்திருக்கிற மனிதர். கிண்டலையும் அதே மாதிரி மெதுவாகத்தான் விடுவார். ஆனால் நிற்காது.

நான்காவது ஆள் வாஷர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓட்டை டயர் அடுக்குக்குள்ளிருந்து தானாக வெளியே வந்த பழுப்பு நிறப் பெண் நாய். இடது கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம், நட்டுக்கு அடியில் வாஷர் போட்ட மாதிரி. வேறென்ன பெயர் வைப்பது? பெயர் வைத்த மறுநாளே அவள் வேலைக்கும் சேர்ந்துகொண்டாள். அண்ணன் ரிப்பேர் முடித்த வண்டியைச் சோதிக்கத் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். வாஷர் கூடவே ஓடுவாள். காதுகள் பின்னால் படுத்திருக்கும், நாக்கு ஒரு பக்கமாகப் பறக்கும். முழுத் தூரமும் ஓடினால் வண்டி சரி. நடுவில் நின்று உட்கார்ந்துவிட்டால் அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி பிரிப்பார்.

"அவளுக்குப் போர் அடிச்சா உக்கார்றா. அதுக்குப் போய் இன்ஜினை இறக்குறியே, மச்சான்" என்பார் பஞ்சர்க்காரர். ஆனால் வண்டிக்காரர்கள் அதை நம்பவில்லை. "வாஷர் ஓடிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை வாங்குவார்கள்.

அந்த மழை மத்தியானம் வராமல் இருந்திருந்தால் எல்லாம் இப்படியே போயிருக்கும்.

மழைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. வாஷர் சாக்கின் மேல் ஒருக்களித்துத் தூங்கினாள். அண்ணன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். கை சும்மா இருந்தால் காது சும்மா இருக்காது. குனிந்து, அவள் விலாவில் காதை வைத்தார்.

டுக்டுக்டுக்டுக்... டுக்...... டுக்......... டுக்டுக்டுக்...

எழுந்து உட்கார்ந்தார். மறுபடி வைத்தார். அதே கதை. நாலைந்து அடி நெருக்கமாக, அப்புறம் ஒன்று தயங்கி, அதற்கடுத்தது வருமா வராதா என்று மனுஷனின் உயிரை வாங்கிவிட்டு, வந்தது.

முப்பத்தைந்து வருடமாக அவருக்கு இதற்கு ஒரே பெயர்தான் தெரியும். மிஸ்ஸிங். இன்ஜின் மிஸ் அடிக்கிறது.

எழுந்துபோய்ப் பஞ்சர்க்காரரின் நெஞ்சில் காதை வைத்தார்.

"என்ன மச்சான், திடீர்னு பாசம்?"

"பேசாதய்யா. மூச்சு விடு." டுக், டுக், டுக். சுவர்க் கடிகாரம் மாதிரி இருந்தது. தையல் கடைக்குப் போனார். சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த மனைவியின் முதுகில் காதை வைத்தார். அதுவும் சீராக அடித்தது. "ஊசி கையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் மனைவி.

இரண்டு பேருடையதும் ஒழுங்காக ஓடுகிறது. வாஷருடையது மட்டும் மிஸ். கண்டிஷன் இல்லாத இன்ஜினை ரேஸ் பண்ணக் கூடாது. அதற்கு மேல் அவருக்கு யோசனை ஓடவில்லை. அன்று சாயந்திரமே வாஷரைக் கயிற்றில் கட்டி, வேலை மேஜைக்கு அடியில் படுக்கவைத்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தார். "வண்டி சத்தம் போட ஆரம்பிச்சப்பவே கொண்டாந்திருக்கணும் சார்" என்று ஊரையே திட்டுகிற மனிதர், தன் வீட்டு விஷயத்தில் காதைப் பொத்திக்கொண்டார்.

எட்டு நாள் அப்படிப் போனது. தண்ணீர்த் தொட்டிக்கு அவர் தனியாகப் போய்த் திரும்பினார். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் மேஜைக்கு அடியில் கயிறு விறைத்தது. வாஷர் முதலில் குரைத்தாள், அப்புறம் முனகினாள், ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கணக்கு டீச்சர் சாவியை வாங்காமல் நின்றார். "நாய் ஓடலையே. அப்போ ரிப்பேர் முடியலன்னுதானே அர்த்தம்?"

அண்ணன் தினமும் பத்துத் தடவை காதை வைத்துக் கேட்டார். ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடவே இல்லை. தூங்கும்போது மிஸ் அடிக்கிறது. தபால்காரர் வந்து மணியடித்து அவள் துள்ளி எழுந்தால் டுக்டுக்டுக்டுக் என்று நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. எட்டாம் நாள் தாங்க முடியாமல் பஞ்சர்க்காரரிடம் கொட்டிவிட்டார்.

அவர் டியூபைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே கேட்டார். "சும்மா நிக்கும்போது ஐடிலிங்ல மிஸ்ஸாவுது, ரேஸ் பண்ணினா சரியாயிடுது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ ஓடவிட்டாத்தானே மச்சான் சரியா ஓடுது? நீ எதுக்குக் கட்டிவச்சிருக்கே?"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. அந்தப் பக்கத்துக் காதும் சும்மா இல்லை. மனைவி வாசலில் வந்து நின்றார், கழுத்தில் அளவு டேப்போடு.

"எட்டு நாளா இதுதானா? நான்கூட உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அவ செத்துப்போயிடுவா" என்றார் அண்ணன். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

மனைவி அவருடைய போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "ஊர்ல இருக்கறவங்க எல்லாம் உங்களுக்குக் கத்திக் காட்டுறாங்க இல்ல? இன்னைக்கு நீங்க டாக்டரம்மாவுக்குக் கத்திக் காட்டுங்க."

டாக்டரம்மா எடுத்ததும், "அண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன், வண்டி மறுபடி கர்ர்ர்" என்று ஆரம்பித்தார்.

"அம்மா, வண்டி இல்லம்மா. வாஷரு. நெஞ்சு சரியா அடிக்கல."

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. "எப்படி அடிக்குதுண்ணே?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "டுக்டுக்டுக்டுக்... டுக்...... டுக்......... டுக்டுக்டுக்."

"மயங்கி விழுந்தாளா? இருமல் இருக்கா?"

"இல்லம்மா."

"சரி. இப்போ தூங்கறாளா? அப்போ மூச்சு எப்படிப் போகுதுன்னும் சேர்த்துக் காட்டுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்."

அண்ணன் முயற்சி செய்தார். நெஞ்சுக்கு வாயைக் கொடுத்தால் மூச்சுக்கு வாய் இல்லை. கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் மேஜைக்கு அடியில் ஊர்ந்துபோய் வாஷரின் விலாவில் காதை வைத்தார். மனைவி தரையில் மண்டியிட்டு அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பஞ்சர்க்காரர் ஈரக் கையோடு போனைப் பிடித்தார்.

"ஹ்ஹா..." என்று மனைவி மூச்சை இழுத்தார்.

"டுக்டுக்டுக்டுக்" என்றார் அண்ணன்.

"ஃபூ..." என்று மனைவி விட்டார்.

"டுக்...... டுக்" என்றார் அண்ணன்.

சாவி வாங்க வந்த வங்கி மேனேஜர் வாசலில் நின்று, மேஜைக்கு வெளியே தெரிந்த நாலு காலையும் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

பிறகு டாக்டரம்மா, "எனக்கு ஒண்ணு தோணுதுண்ணே. ஆனா எதுக்கும் கொண்டாங்க, பார்த்துட்டுத்தான் உறுதி" என்றார்.

தான் ஊருக்குச் சொல்கிற வசனம் தன்னிடமே வரும்போது எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று அண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கிளினிக்கில் முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு குண்டு நாய் குறட்டை விட்டுத் தூங்கியது. எதிரே ஒரு பெரியவரின் செருப்பில் தலைவைத்து நரைத்த மூக்கோடு ஒரு கிழ நாயும் தூங்கியது. அண்ணனால் எத்தனை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்? குண்டு நாயின் சொந்தக்காரியிடம், "தங்கச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்துக் காதை வைத்தார். இதுவும் மிஸ். எழுந்து, மனைவியிடம் கிசுகிசுத்தார். "இதுக்கும் அதே வியாதி. ஊர்ல பரவுது போல."

"எழுந்து சட்டையைத் தட்டுங்க, மானம் போவுது."

தட்டவில்லை. நேராகக் கிழ நாயிடம் போனார். அதன் சொந்தக்காரர் பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். நகம் வெட்ட வந்தேன், வெட்டியாச்சு, அப்படியே உடம்பையும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதால் காத்திருக்கிறேன் என்றார். அண்ணன் காதை வைத்தார். டுக்டுக்டுக்டுக்டுக்டுக். விறுவிறுவென்று, ஒரு அடிகூடத் தவறாமல் ஓடியது.

அண்ணனுக்குப் பொறாமையாகவே இருந்தது. "சார், இதுதான் சார் இன்ஜின். என்ன வயசு? பதினொண்ணா? இந்த வயசுலயும் ஒரு மிஸ்ஸிங் இல்ல. எட்டு நாள்ல நான் கேட்டதிலேயே நல்ல செட்டிங் உங்களோடதுதான்."

லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. "நீங்க டாக்டரா?"

"மெக்கானிக்."

"அதைவிட நல்லது" என்றார் லிஃப்ட்காரர்.

நெஞ்சு விஷயம் என்பதால் டாக்டரம்மா வாஷரை முதலில் உள்ளே கூப்பிட்டு, மெத்தையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கிளிப் மாட்டினார். மனைவி தடவிக் கொடுக்கக் கொடுக்க வாஷர் கண் சொருகினாள். மெஷினிலிருந்து நீளமாகக் காகிதம் வந்தது. அதில் குன்று குன்றாகக் கோடு: நாலு நெருங்கி, இரண்டு தள்ளித் தள்ளி, மறுபடி நாலு நெருங்கி. அண்ணன் எட்டு நாளாகக் கேட்டதை யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அவர் காகிதத்தைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இவளுக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"மிஸ் அடிக்குதேம்மா."

"மிஸ் இல்லண்ணே. மூச்சை இழுக்கும்போது வேகம் ஏறுது, விடும்போது இறங்குது. போன்ல நீங்க ரெண்டு பேரும் கத்தினீங்களே, அதேதான். நிம்மதியாப் படுத்திருக்கிற நல்ல நாய்க்கு நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். எழுந்து ஓடினாலோ பயந்தாலோ சீராயிடும். மூச்சோட சேராம தாறுமாறா அடிச்சாலோ, நாய் மயங்கி விழுந்தாலோதான் பயப்படணும். அதைப் பார்க்காம எப்படிச் சொல்றதுன்னுதான் வரச்சொன்னேன்."

"அப்போ ஓடலாமா?"

"ஓடாம இருந்தாத்தான் என்கிட்ட வரணும்."

மனைவி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"அம்மா. அப்போ, ஒரு வயசான நாய், அசந்து தூங்குது, பயமும் இல்ல. ஆனா நெஞ்சு மட்டும் விறுவிறுன்னு ஒரே சீரா ஓடுதுன்னா?"

டாக்டரம்மா கடைசிக் கிளிப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "அது எனக்குப் பிடிக்கலண்ணே. பார்க்கணும். யாரோடது?"

"வெளியில, லிஃப்ட்காரர். நான்தான் அவர்கிட்ட..." மீதியைச் சொல்லாமல் கதவைத் திறந்தார். எதிர்ப் பெஞ்சு காலியாக இருந்தது.

"அவரா?" என்றாள் குண்டு நாயின் சொந்தக்காரி. "நகம்தான் வெட்டியாச்சேன்னு கிளம்பிட்டாரு. மெக்கானிக்கே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு, இனி எதுக்குப் பார்க்கணும்னாரு. பஸ்ஸுக்குப் போனாரு."

காதண்ணன் கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே தெரியாது. ஓடினார். செருப்பு ஒன்று கிளினிக் படியிலேயே நின்றுவிட்டது. கையிலிருந்த கயிறு எப்போது நழுவியது என்றும் தெரியவில்லை. அவருடைய முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு அவரைத் தாண்டிப் போனது. எட்டு நாள் கட்டிப்போட்ட ஓட்டம் முழுவதும் அந்த நாலு காலில் இருந்தது. பழக்கடையைச் சுற்றி வளைத்து, குடைக்காரரின் காலுக்கு நடுவே புகுந்து, சாலை ஓரமாகவே பஸ் நிறுத்தம் வரை போய், கிழ நாயின் மூக்கோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள் வாஷர். பஸ் வந்து கதவு திறந்திருந்தது. லிஃப்ட்காரர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். கிழ நாய் வர மறுத்து, வாஷரின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"சார்... ஏறாதீங்க... சார்..." மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தார். "தப்பாச் சொல்லிட்டேன் சார். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தப்பு சொன்னதில்ல."

"அப்போ நல்ல இன்ஜின்னீங்களே?"

"இன்ஜினா இருந்தா நல்லதுதான் சார். இது நாயி."

பஸ் போய்விட்டது.

டாக்டரம்மா கிழ நாயை நிதானமாகப் பார்த்தார், காகிதம் எடுத்தார், எக்ஸ்ரே படமும் எடுத்தார். இதயம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, மூச்சிரைப்பு வருவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள், மாத்திரை தருகிறேன், தினமும் கொடுக்க வேண்டும் என்றார். முழுசாகச் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் நல்ல நாட்கள் நிறைய இருக்கின்றன என்றார். லிஃப்ட்காரர் மாத்திரைப் பட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, அவரே தோளைத் தட்டினார்.

"நீங்க காதை வைக்கலன்னா டாக்டர் எப்படியும் பார்த்திருப்பாங்க. நீங்க காதை வச்சதால நான் கிளம்பிட்டேன். உங்க பொண்ணு ஓடினதால திரும்பி வந்தேன். கூட்டிக் கழிச்சா உங்க வீட்டுல அவதான் உருப்படி."

"அதை நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன்" என்றார் மனைவி, வாஷர் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே நடந்த கல்யாணத்தைப் பற்றி.

திரும்பும் வழியில் வாஷர் ஸ்கூட்டரில் ஏற மறுத்துவிட்டாள். கயிற்றை மனைவி சுருட்டிக் கைப்பைக்குள் போட்டார். மனைவி ஓட்ட, அண்ணன் பின்னால் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். வண்டி ஊர்ந்தது. வாஷர் முன்னால் ஓடினாள், நின்றாள், இவ்வளவுதானா உங்க வேகம் என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஓடினாள். தெரு திரும்பும் இடத்தில், மூடிக் கிடந்த கடையின் படியில் பொத்தென்று விழுந்து படுத்தாள். வயிறு ஏறி இறங்கியது. அண்ணன் வண்டியிலிருந்து குதித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேக்கலையா?" என்றார் மனைவி, இன்ஜினை அணைத்துவிட்டு.

அண்ணனின் தலை பாதி குனிந்திருந்தது. நிமிர்த்திக்கொண்டார்.

"எதுக்கு? அவளே சொல்வா."

இரண்டு நிமிடம் ஆயிற்று. வாஷர் எழுந்தாள், உடம்பை உதறினாள், இவர்களுக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டாள்.

"ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு, போறா பாரு" என்று மனைவியின் முதுகில் தட்டிக்கொண்டு அண்ணன் தாவி ஏறினார்.